காபி குடிக்க கோதன்பர்க் செல்லும் ஹெல்வி ஹாபகோஸ்கிக்கு டயாலிசிஸ் ஒப்புதல் வேண்டி

அனுப்புநர்:
துயிரே ஹாபகோஸ்கி (வயது 28),
துறைமுக கிரேன் ஓட்டுநர்,
ராஹே, பின்லாந்து.

பெறுநர்:
மேற்பார்வை மருத்துவ அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டுச் சிகிச்சை ஒப்புதல் பிரிவு,
பிராந்தியச் சுகாதார அலுவலகம்.

பொருள்: என் தாயார் ஹெல்வி ஹாபகோஸ்கி (வயது 66) ஸ்வீடன் பயணத்தின்போது டயாலிசிஸ் செய்துகொள்ள ஒப்புதல் மறுக்கப்பட்டது – மே 30 வெள்ளி நண்பகலுக்குள் மறுபரிசீலனை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தாயார் எஃகு ஆலை கேன்டீனில் முப்பத்தோரு வருடம் சமைத்தவர். ஆறு வருடமாக செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் காலை நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கிறார். இந்த ஆறு வருடத்தில் அவர் ஒரு வாரம்கூட வெளியூரில் தங்கியதில்லை.

2. ஜூன் 8 முதல் 15 வரை கோதன்பர்க்கில் உள்ள தன் அக்கா சிர்க்காவிடம் போக விண்ணப்பித்தார். அங்குள்ள சிகிச்சைப் பிரிவு ஜூன் 10, 12, 14 மூன்று நாளுக்கும் ஒரு நாற்காலியை ஒதுக்கி வைத்திருக்கிறது. தங்கள் கையெழுத்து வரும் வெள்ளி நண்பகலுக்குள் போய்ச் சேராவிட்டால் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த இடம் அக்டோபரில்தான்.

3. விண்ணப்பத்தில் 'பயணத்தின் காரணம்' என்ற கட்டத்தில் அம்மா எழுதியது மூன்று சொற்கள்: அக்காவுடன் காபி குடிக்க. தங்கள் மறுப்புக் கடிதம் சொல்வது: "காபி அருந்துதல் போதிய காரணமாகாது. மேலும் நோயாளி திரவக் கட்டுப்பாட்டில் உள்ளவர்."

4. திரவக் கட்டுப்பாடு பற்றி அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. சூப்பும் அதில்தான், மாத்திரை விழுங்கும் தண்ணீரும் அதில்தான். சமையலறையில் அளவுக்குவளை வைத்து அளந்துதான் குடிக்கிறார். காபிக்கு அவர் ஒதுக்குவது ஒரே ஒரு கோப்பை.

5. காரணம் பற்றி. பதினான்கு வருடத்துக்கு முன் என் பாட்டியின், அதாவது இவர்கள் இருவருடைய தாயின், அடக்கத்துக்கு சிர்க்கா வரவில்லை. வந்திருந்த எண்பது பேருக்கும் அம்மா தனி ஆளாகக் காபி ஊற்றினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கிறிஸ்துமஸ் அட்டைகூட இல்லை. கடந்த மார்ச்சில் சிர்க்காவிடமிருந்து ஃபோன் வந்தது. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விளங்காமல் போயிருந்தது. ஆனால் அதை அவர் சொல்லவில்லை. பிறகு அவர் மகன் மூலம்தான் தெரிந்தது. ஃபோனில் சிர்க்கா சொன்னது இவ்வளவுதான்: "ஹெல்வி, நான் சிர்க்கா. வந்தா காபி போட்டுத் தரேன்." அம்மா, "சரி, வரேன்" என்று வைத்துவிட்டார். பிறகு வீட்டின் எல்லா ஜன்னலையும் துடைத்தார். கடைசியில் என்னிடம், "அவ காபி எப்பவும் கழுநீர் மாதிரிதான்டி இருக்கும். பரவாயில்ல, குடிச்சுக்கறேன்" என்றார்.

6. ஐயா, தாங்களும் இந்த நாட்டுக்காரர்தான். நம் வீடுகளில் யார் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்? கோப்பையை எடுத்து எதிரே வைப்பார்கள். மற்றவர் வந்து உட்காருவார். இதை ஒரு படிவத்தில் வேறு எப்படி எழுதுவது என்று என் தாயாருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

7. ஆனால் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதே ஆலையின் ஓய்வுபெற்ற மேலாளர். பிப்ரவரியில் ஸ்பெயின் கடற்கரையில் இரண்டு வாரம் கோல்ஃப் ஆடிவிட்டு வந்தார். அவர் எழுதிய காரணம் 'மனநல மீட்சிக்கான ஓய்வு'. நான்கே நாளில் ஒப்புதல். அவர் மீது எனக்குக் கோபமில்லை, நல்ல மனிதர். அம்மாவுக்கு வந்த மறுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும்படி பேனாவை நீட்டியவரும் அவரே. அம்மா வாங்கவில்லை. "நான் போறது காபி குடிக்க. பொய் எழுதிட்டுப் போய் அங்க உக்காந்தா, அது தொண்டையில இறங்காது" என்றார். என் கோபமெல்லாம், சரியான சொல் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கிற அந்தக் கட்டத்தின் மீதுதான்.

8. தங்கள் அலுவலகத்தில் ஃபோனில் பேசியவர், சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்ததும் கிளம்பி செவ்வாய் காலைக்குள் திரும்பிவிடலாமே என்றார். டயாலிசிஸ் முடிந்த அன்று என் தாயாரால் எங்கள் வீட்டு மாடிப்படியே ஏற முடியாது. வாரத்தில் டயாலிசிஸ் இல்லாத மிக நீண்ட இடைவெளியும் அந்தச் சனி முதல் செவ்வாய் வரைதான். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து அப்போதுதான் அதிகம். அவருடைய மருத்துவரே இதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். தாங்கள் மறுத்தாலும் போயே தீருவேன் என்கிறார் அம்மா. சொன்னால் செய்வார். ஆகவே, அவர் போவதா வேண்டாமா என்பது தங்கள் முன் இருக்கும் கேள்வியல்ல. அங்கே அவருக்கு ஒரு நாற்காலி இருக்குமா இருக்காதா என்பதே கேள்வி.

9. எனவே விண்ணப்பத்தை, அதிலுள்ள காரணத்தை ஒரு எழுத்தும் மாற்றாமல், ஏற்றுக் கையெழுத்திடக் கேட்டுக்கொள்கிறேன்.

10. வியாழன் மாலைக்குள் பதில் வராவிட்டால், வெள்ளி காலை எட்டு மணிக்குத் தங்கள் அலுவலகம் திறக்கும்போது அம்மாவும் நானும் வாசலில் இருப்போம். நண்பகல் வரை அங்கேயே உட்கார்ந்திருப்போம். நான்கு மணி நேரம் அசையாமல் உட்காருவது என் தாயாருக்குப் புதிதல்ல.

இணைப்பு: மறுப்புக் கடித நகல், மருத்துவரின் கடிதம், கோதன்பர்க் சிகிச்சைப் பிரிவின் ஒதுக்கீட்டுக் கடிதம்.

இடம்: ராஹே
நாள்: 26 மே 2025

பதிலை எதிர்நோக்கி,
துயிரே ஹாபகோஸ்கி (ஒப்பம்)

படித்தேன், சம்மதம்:
ஹெல்வி ஹாபகோஸ்கி (ஒப்பம்)