நீ மூடாமல் விட்டுப்போன கதவு

உன் கீபோர்டில் இன்னும் காராசேவு வாசனை அடிக்கிறது. இந்த மடலை அதில்தான் அடிக்கிறேன். எண்டர் பொத்தான் பிசுபிசுக்கிறது. செத்தவனைப் போய் திட்டாதே என்கிறாள் அம்மா. திட்டத்தான் போகிறேன்.

ஒரே வகுப்பில் படித்துவிட்டுச் சேர்ந்தே தொழில் தொடங்கினோம். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளின் பில்லும் இருப்பும் ஓடுகிற சர்வர்களைப் பார்த்துக்கொள்வது நம் வேலை. சர்வர் சென்னையில் எங்கோ இருக்கும். அதற்குள் ஏஜென்ட் என்று ஒரு சின்ன புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும். இங்கிருந்து ஒரு வரி கமாண்ட் அடித்து, டிஸ்கில் எவ்வளவு இடம் மிச்சம், பில் போடும் மென்பொருள் ஓடுகிறதா என்று கேட்டால் பதில் சொல்லும். ஆனால் யார் கேட்டாலும் சொல்லாது. எந்த கம்ப்யூட்டரின் முகவரியை அதில் எழுதி வைத்திருக்கிறோமோ அதற்கு மட்டும்தான் வாய் திறக்கும். நீ எழுதிவைத்தது உன் வீட்டு கம்ப்யூட்டரின் முகவரியை மட்டும்.

"என்னுதையும் சேருப்பா" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். காராசேவை மென்றுகொண்டே, "இன்னா தெரியணுமோ என்னாண்ட கேளு மேடம், நான் கேட்டுச் சொல்றேன்" என்பாய். அந்த மேடம் மரியாதைக்கு இல்லை, என்னை வெறுப்பேற்ற. போர்டில் பங்குதாரர் என்று என் பெயர். டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று தெரிந்துகொள்ள உனக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும்.

அப்புறம் அந்தப் பெரிய சண்டை. ஏஜென்ட்டிடம் கேள்வி மட்டும் கேட்பதில்லை, வேலையும் ஏவலாம். அந்த வசதியை நீ திறந்தே வைத்திருந்தாய், அதுவும் சர்வரின் முழு அதிகாரத்தோடு. எவனாவது திருடன் உள்ளே வர அது போதும். ஒரு பட்டுக்கடையில், அதன் முதலாளி எதிரிலேயே கேட்டேன். நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். "மேடம் பூனையப் பாத்தா கூட பயந்துக்கும் சார்." அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. வெளியே வந்ததும், "எடுத்துட்றேன்பா, போதுமா?" என்றாய். அடுத்த வாரம், எடுத்தாயிற்று என்றாய். நம்பினேன்.

ஆடியில் செத்துப்போனாய். மாரடைப்பு என்றார்கள். சர்வர்களின் பாஸ்வேர்டு எல்லாம் உன் மண்டைக்குள் இருந்தன, உன்னோடு போய்விட்டன. சர்வர் வாடகைக் கணக்கும் உன் பெயரில்தான். அந்தக் கம்பெனிக்காரர்கள் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அது எப்போது வருவது? ஆவணி முகூர்த்தக் கூட்டம் அதற்குள் தொடங்கிவிட்டது.

காலையில் பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டுக்குப் போய், மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து உன் கம்ப்யூட்டரில் கமாண்ட் அடிப்பேன். பக்கத்து வீட்டுத் தறி அடித்துக்கொண்டே இருக்கும். உன் மனைவி மஞ்சு எனக்கு ஒரு காபியும் உன் படத்துக்கு ஒரு காபியும் வைப்பாள். டிஸ்க் நாளுக்கு நாள் நிரம்பிக்கொண்டு வந்தது. கேட்டால் ஏஜென்ட் சொல்கிறது. பாஸ்வேர்டு இல்லாமல் என்னால் ஒரு ஃபைலைக்கூட அழிக்க முடியவில்லை. முழுசாக நிரம்பினால் கல்யாணக் கூட்டத்தின் நடுவே பில் நின்றுவிடும். அதோடு கடைக்காரர்கள் என்னைக் கைகழுவிவிடுவார்கள்.

ஒரு நாள் வயிற்றெரிச்சலில்தான் அடித்துப் பார்த்தேன், அந்த ஒரு வாக்கையாவது காப்பாற்றினாயா என்று. யார் அதிகாரத்தில் ஓடுகிறாய் என்று பார்த்துச் சொல்லும்படி ஏஜென்ட்டை ஏவினேன். 'ரூட்' என்று பதில் வந்தது. அதாவது முழு அதிகாரம். நீ எதையும் எடுக்கவில்லை. என் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறாய்.

நான் மூடச் சொன்ன அதே கதவு வழியாக உள்ளே போனேன். டிஸ்கை அடைத்துக்கொண்டிருந்த பழைய பதிவுகளை, லாக் ஃபைல்களை, அழித்தேன். எல்லா சர்வரிலும் எனக்கென்று ஒரு பாஸ்வேர்டு உண்டாக்கினேன். என் முகவரியைச் சேர்த்தேன். எல்லாம் முடிந்த பிறகு கதவை மூடினேன். கடையில் பில் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உன் பொய்யால் நான் பிழைத்தேன். அதற்காகவே உன்னை மன்னிக்க முடியவில்லை.

சரியாக மூடியிருக்கிறதா என்று உன் கம்ப்யூட்டரிலிருந்தே மறுபடி ஏவினேன். முடியாது என்றது. "பாத்தியா?" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். பின்னால் மஞ்சு நின்றிருந்தாள்.

"இன்னாக்கா?"

"உன்ன இல்லம்மா, அவனைச் சொன்னேன்."

அவள் உன் படத்தைப் பார்த்தாள். "நானும் தெனம் திட்டிக்கினுதான் இருக்குறேன்க்கா. ஒரு பதிலும் சொல்ல மாட்டேன்றாரு." காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, "இந்த மிஷினு எந்நேரமும் உர்ருன்னு கத்திக்கினே இருக்குது. நிறுத்திடலாமா?" என்றாள்.

நிறுத்தினேன். கீபோர்டை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன்.

அம்மா ஈரத்துணியோடு வந்து அதைத் துடைக்கப் பார்க்கிறாள். விடவில்லை. உன்னோடு போட்ட சண்டைகளில் நான் ஜெயித்தது அந்தக் கதவுச் சண்டை ஒன்றுதான். அதை ஒப்புக்கொள்ள நீ இல்லை. இப்போது தினமும் காலையில் என் வீட்டிலிருந்தே கமாண்ட் அடிக்கிறேன், எல்லா சர்வரும் எனக்கே பதில் சொல்கின்றன. ஒவ்வொரு தடவையும் எண்டர் தட்டும்போது விரல் ஒட்டிக்கொள்கிறது. அப்போது உன்னைத் திட்டுகிறேன்.