பஞ்சுத் தூசி

நிலவு, தென்துருவத் தளம். ஆய்வகப் பதிவு. எழுதுபவர்: நீலமேகம், நுண்ணுயிரியலாளர்.

நாள் 212, 09:10
காற்றுக்குழாய்களைக் கழுவியாயிற்று. உள்ளே பூஞ்சை அப்பிக் கிடந்தது. கமாண்டர் இசக்கி உட்பட, கழுவிய ஆறு பேருக்கும் இரத்தமும் சளியும் எடுத்தோம். சளியிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் என் தட்டில் முடிவு தெரிய ஐந்து நாள். இரத்தத்தில் பூஞ்சையைத் தேடும் டாக்டர் மெர்லினின் புதுக் கருவிக்கு நாற்பது நிமிடம். கமாண்டர் இசக்கி ஒலிபெருக்கியில் சொன்னார்: "மெர்லின் வந்த பெறவுதான் எனக்கு நிம்மதி." அப்படியானால் இருநூறு நாளாக நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேனாம்?

நாள் 213, 11:40
ஆறு பேரில் நான்கு பேருக்குப் பூஞ்சைத் தொற்று என்கிறது கருவி. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. பூமியிலிருந்து மெர்லினுக்குப் பாராட்டு. வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். காயத்துக்குப் போடும் பஞ்சுத்துணியை, அவள் இரத்த மாதிரி டியூப்களைத் திறந்து வைக்கும் அதே மேசையில்தான் வெட்டுகிறோம். கருவி பூஞ்சையில் தேடும் சர்க்கரை பஞ்சிலிருந்தும் வரும். சுத்தமான தண்ணீரைத் திறந்து வைத்து, பக்கத்தில் துணி வெட்டிப் பார்த்தேன். தண்ணீருக்கும் தொற்றாம்! அவளிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். நாளைய கூட்டத்துக்கென்று வைத்துக்கொண்டேன்.

நாள் 214, 10:00
எல்லார் முன்னாலும் செய்து காட்டினேன். அவள் முகம் தொங்கிப்போயிற்று. கருவியை நிறுத்தச் சொன்னார் கமாண்டர். பூஞ்சைக்கான மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதுவும் வேண்டாம் என்றார். மதியம் டப்பா உப்புமாகூட ருசித்தது.

14:25
மெர்லினின் செய்தி: "பஞ்சு விஷயம் சரிதான் சார், என் தப்புதான். ஆனா கமாண்டர் இசக்கி அக்காகிட்ட மட்டும் ரெண்டாவது தடவை புதுசா இரத்தம் எடுத்து, மூடின பெட்டிக்குள்ளயே வச்சுப் பாத்தேன். அதுல தூசி விழ வழியே இல்ல. அப்பவும் பாசிட்டிவ். அவங்க தட்ட மட்டும் கொஞ்சம் கவனிங்க சார்."


நாள் 217, 08:05
கமாண்டருக்கு இருமல். காய்ச்சல் 39. அவர் தட்டில் பூஞ்சை படர்ந்திருக்கிறது. இன்றே மருந்து தொடங்கினால் பிழைத்துக்கொள்வார். சொல்லலாம். சொன்னால் பெயர் யாருக்குப் போகும்?

12:30
மெர்லின்: "சார், தட்டுல ஏதாவது வந்துச்சா?"
ஒன்றுமில்லை என்றேன்.
மெர்லின்: "அப்போ நான்தான் சும்மா பயந்துட்டேன். நீங்க சொன்னா சரி சார்."
தட்டை நீராவியில் அவித்துக் கொட்டிவிட்டேன்.

நாள் 218, 15:50
கமாண்டர்: "நீலமேகம் சார்... மூச்சுதான் கொஞ்சம்... வெறும் சளிதானே? நல்லவேள, அந்த மருந்தக் குடுக்க விடாம தடுத்திய."
சளிதான் என்று பதில் அனுப்பினேன். இரண்டு தடவை தப்பாக அடித்துத் திருத்தினேன்.

நாள் 219
நேரம் பார்க்கவில்லை. கமாண்டர் அறையில் இருமல் நின்றுவிட்டது. மெர்லின் அழுகிறாள். என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: கமாண்டருக்கு இருந்தது பூஞ்சைதான். அவள் சொன்னது சரி. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். மெர்லினிடம் மட்டும்
சொல்லிவிடாதீர்கள்