கழுவித் துடைத்த உருண்டை

12-6-1984, செவ்வாய்
மகள் தெரசா பிறந்து இன்றோடு ஒன்பது மாதம். கேழ்வரகுக் கூழ் முழுசாகக் குடித்தாள். சளி இல்லை. ராத்திரி வருமோ என்று நான் பயந்துகொண்டு படுத்த காய்ச்சலும் வரவில்லை.

14-6, வியாழன்
விடியற்காலையில் இடி மாதிரி ஒரு சத்தம். பக்கத்து நிலத்துக்கார மாது அண்ணனின் மாட்டுக்கொட்டகைக் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓர் உலோக உருண்டை விழுந்திருக்கிறது. பூசணிக்காய் அளவு, கரி அப்பியது. அவருடைய செவலைக் காளைக்கு முன்னங்கால் முறிந்துவிட்டது. இருப்பதே ஒரு ஜோடி. கடலை விதைக்க உழவு ஓட்ட வேண்டிய நேரம்.

ராக்கெட்டின் துண்டு என்கிறார் என் வீட்டுக்காரர். அறிவியல் வாத்தியார், அவருக்கு சந்தோஷம்! தாசில்தார் வந்து பார்க்கும்வரை பூட்டு உள்ள வீட்டில் இருக்கட்டும் என்று கிராம அதிகாரி அதை எங்கள் நடையில் வைத்துவிட்டுப் போனார். பிள்ளை தவழ்கிற வீட்டில்.

16-6, சனி
பயந்தபடியே ஆயிற்று. தெரசா உருண்டையைத் தடவிவிட்டு அதே கையை வாயில் வைத்துக்கொண்டாள். அரூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒன்றுமில்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முந்தின நாள் எப்போதும் பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்ப்பேன். அதோடு உருண்டையையும் புளி, செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன். இப்போது குடம் மாதிரி மின்னுகிறது.

18-6, திங்கள்
இவருடைய பெரியப்பா மகன் சின்னப்பன் வந்திருந்தார். அரூர் கோர்ட்டில் வக்கீல். உருண்டை யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். எங்கே விழுந்தாலும் அனுப்பிய நாட்டுக்குத்தான் சொந்தமாம். தரையில் யாருக்காவது நஷ்டமானால், தப்பு யார் மேல் என்று பார்க்காமல் அனுப்பியவன்தான் பதில் சொல்ல வேண்டுமாம். மாது அண்ணனுக்காக நம் சர்க்காரே நஷ்டஈடு கேட்கலாமாம்.

"எந்த நாடுன்னு தெரியணும். அதுல எழுத்து, நம்பர் ஏதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டார் சின்னப்பன்.

இருந்தது. ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்டில் நாலோ அஞ்சோ எழுத்து. படிச்சுக்கூடப் பார்க்கல. அந்த இடத்துலதான் கரி கெட்டியா இருந்துச்சுன்னு அழுத்தித் தேய்ச்சேன். பி.ஏ. படிச்சவ!

19-6
சின்னப்பனிடம் சொல்லாததை இவரிடம் சொன்னேன். யாருக்கும் தெரியாது, விடு என்கிறார்.

வேணும்னு செய்யல — சரி. வேணும்னு செய்யாட்டியும் பதில் சொல்லணும்னுதானே சட்டம்? வானத்துல விட்டவனுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணா?

20-6, புதன்
தாசில்தார் வந்தார். உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடையாளம் எதுவும் இல்லையா என்றார். மாது அண்ணனும் அவர் மனைவி பெரியம்மாளும் நின்றிருந்தார்கள். எழுத்து இருந்தது, நான்தான் தேய்த்து அழித்தேன் என்று சொல்லிவிட்டேன். அதை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

மாது அண்ணன் உருண்டையை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு, "மேலருந்து வுட்டவன் யாருன்னே தெரியல. கழுவுனவங்களாச்சும் எம் மூஞ்சப் பாத்து சொன்னாங்க" என்றார்.

பெரியம்மாள் உருண்டையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "எங்கூட்டு அண்டாவ அனுப்பறேன், அதையும் இப்பிடித் தேச்சுக் குடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

21-6
எங்கள் வண்டிக்காளை மயிலையை மாது அண்ணன் கொட்டகைக்கு ஓட்டிப்போகச் சொன்னேன். இவர் மறுக்கவில்லை. இனி இவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு வண்டி இல்லை, சைக்கிள்தான்.

7-7
மயிலை ஏருக்குப் பழகிவிட்டது. செவலை காலில் கட்டோடு கொட்டகையில் படுத்திருக்கிறது. தெரசாவுக்கு இரண்டு நாள் பேதி; நின்றுவிட்டது.

2-9, ஞாயிறு
கலெக்டர் ஆபீஸிலிருந்து மாது அண்ணனுக்கு நேற்றுக் காகிதம் வந்திருக்கிறது. உருண்டை எந்த நாட்டுடையது என்று இன்னும் தெரியவில்லையாம். படித்துக் காட்டினேன். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கடலைக்குக் களை எடுக்கப் போய்விட்டார்.

உழவு வேலையெல்லாம் முடிந்து மயிலையைப் போன வாரமே திருப்பி விட்டிருந்தார். இன்று பொழுது சாய மயிலை கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. "உங்க மாடு இங்க வந்து எங்க செவல பக்கத்துல படுத்துனு கீது, ஓட்டினு போங்க" என்று வரப்பிலிருந்து பெரியம்மாளின் குரல்.

இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

"படுத்திருக்கட்டும், காலையில வைக்கோல மட்டும் கொண்டுபோய்ப் போட்டுட்டு வரேன்" என்றார்.