கதவுக்குப் பின்னால் மாட்டிய படம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் நலமறிய ஆவல் என்றுதான் எழுத வேண்டும். இந்த முறை ஆவலைவிடச் சந்தேகம்தான் அதிகம்.

நம் தெருமுனை நூலகத்தின் கூரை மறுபடியும் ஒழுகுகிறது. நிதி திரட்ட வழக்கம்போல ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். முறை உனக்குத் தெரியும். எல்லாப் படமும் ஒரே விலை. வரைந்தவர் பெயரைப் பின்பக்கம் எழுதி, அதன்மேல் காக்கித்தாள் ஒட்டிவிடுவார்கள். வாங்கியவர்தான் கிழித்துப் பார்க்கலாம். படங்களை மாட்டும் வேலை இந்த வருஷமும் என் தலையில்தான்.

மாட்டிக்கொண்டே வந்தவள் ஒரு படத்தைப் பார்த்துத் திக்கென்று நின்றுவிட்டேன். நம் அடுப்படி! குழாய்க்கு மேலே மூலை உடைந்த ஓடு, கைப்பிடி போய் நான் துணி சுற்றி வைத்திருக்கும் மூடி, எல்லாம் அப்படியே. முதலில் உன் நினைவுதான் வந்தது, நம் வீட்டில் படம் வரைகிறவள் நீ ஒருத்திதானே. ஆனால் ஜன்னலில் திரை தொங்கியது. நீ கோபித்துக்கொண்டு போன பிறகு நான் தைத்துப் போட்ட திரை அது. நீ பார்த்ததே இல்லை.

அப்படியானால் என் அடுப்படியை நோட்டம் விட்டது யார்? குழாய் சரிபார்க்க வந்தவரைச் சந்தேகப்பட்டேன். மாடிவீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டேன். அவள் சர்க்கரை கேட்டு வந்தால் கை கிண்ணத்தில் இருக்கும், கண் வீடு முழுக்கச் சுற்றும். நூலகரிடம் கேட்டதற்கு, விதின்னா விதிதாம்மா, வாங்குறவங்களுக்குத்தான் தெரியணும் என்று புத்தகத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், ஒரு படம் வந்திருக்கு, நீங்க வந்து பாக்கணும் என்று மட்டும்தான் சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எல்லார் வீட்டு அடுப்படியும் ஒரே மாதிரிதானே இருக்கும் என்றார். அடுப்படி என்று நான் வாயே திறக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அன்றைக்கு வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்துப் போட்டேன். சோற்றில் ஒரு கல் கிடந்தால் ஊரைக் கூட்டுகிற மனுஷர், மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

யாரும் வாங்கிவிடக் கூடாதென்று படத்தை வாசல் கதவுக்குப் பின்னால் மாட்டினேன். அப்படியும் பல் டாக்டர் கதவை இழுத்துப் பார்த்து, தன் கிளினிக்குக்குப் பொருத்தமாக இருக்கும் என்றார். இன்னும் காயவில்லை, சட்டையில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அனுப்பிவிட்டு நானே வாங்கிவிட்டேன்.

வீட்டில் வைத்து நிதானமாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன். திரை நீலமாக இருந்தது. நான் போட்டது பச்சை. உன் அப்பா போனில் எடுக்கும் போட்டோவில் செடிகொடிகூட நீலமாகத்தான் விழும். ஆக, அவரிடமிருந்து உனக்குப் போட்டோ போகிறது, பேச்சும் போகிறது, எனக்குத்தான் ஒன்றும் தெரியாது. வயிறெரிந்தது. என்னை விட்டுவிட்டு நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டீர்களே என்று அழுகையும் வந்தது. பிறகு, எத்தனையோ இருக்க என் அடுப்படியைத்தானே வரைந்திருக்கிறாய் என்று கொஞ்சம் ஆறியது. மாட்டப்போவது நான்தான் என்று தெரிந்துதானே அனுப்பினாய்?

காக்கித்தாளை இன்னும் கிழிக்கவில்லை. உன் பெயர்தான் என்று மனசு அடித்துச் சொல்கிறது. வேறு யார் பெயராவது இருந்துவிட்டால் நான் தாங்க மாட்டேன். அதனால் ஒட்டியபடியே இருக்கட்டும்.

உன் விலாசம் எனக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை உன் அப்பா கையிலேயே கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்லப்போகிறேன். தனக்கும் தெரியாது என்று சொல்லட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

யார் மேல் தப்பு என்று பேச இதை எழுதவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. எங்கிருந்தாலும் நன்றாக இரு. படம் நன்றாக இருக்கிறது, திரையின் நிறம் மட்டும் தப்பு. ஒருமுறை வந்து நேரில் பார்த்துத் திருத்திவிட்டுப் போ. பகலில் வா, அப்போதுதான் பச்சை பச்சையாகத் தெரியும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா