சட்டைப் பை

2006 ஒக்டோபர் 14, சனி

இன்று மத்தியானக் காட்சிக்கு அப்பா வந்திருந்தார். இருபது வருடமாக மேடையிலும் தொலைக்காட்சியிலும் டாக்சிக்காரன், டொக்டர், கடைக்காரன் என்று சின்ன வேடங்கள்தான் போடுகிறேன். இந்த நாடகத்திலும் கடைக்காரன்தான். அதிகாரி யாராவது உள்ளே வந்தால், வாய் திறக்குமுன் சட்டைப் பையை இரண்டு தரம் தட்டிப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் அரங்கம் சிரிக்கும். விமர்சனங்களிலும் அதைத்தான் புகழ்ந்தார்கள்.

அது அப்பாவின் பழக்கம். ஊரில் ஆமிக்காரர் மறிக்கும் இடமெல்லாம், அடையாள அட்டை இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பழகிய கை. நான் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "நல்லாச் செய்தாய், தம்பி. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது" என்றார். அந்தத் தட்டல் தன்னுடையது என்று அவர் கவனிக்கவில்லையென எனக்கு நிம்மதி. வெட்கம் கெட்ட நிம்மதி.

மிட்சம் புறநகரில் இருக்கும் வீட்டுக்கு ட்ராமில் வரும்போது பரிசோதகர் ஏறி பாஸ் கேட்டார். அப்பாவின் கை சட்டைப் பைக்குப் போனது. பாதியில் என்னைப் பார்த்தார். கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பாஸ் அந்தப் பையில்தான் இருந்தது. பரிசோதகர் காத்து நின்றார். கடைசியில் நான்தான் எடுத்துக் காட்டினேன்.