இரண்டு பேருக்கும் ஓம் சொன்ன அண்ணைக்கு

என்றும் என் பாசத்துக்குரிய அண்ணை,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இங்கே சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் இன்னும் பனி விலகவில்லை. மைதானம் மூடிக் கிடக்கிறது, பயிற்சியெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்துக்குள்தான். நீங்கள் தொடங்கிய பேஸ்போல் அணிக்கு இப்போது பயிற்சியாளர் நான். நம்புவீர்களோ? பதினொரு வருடம் ஓரத்தில் இருந்து ஸ்கோர் எழுதியவளுக்கு எல்லாரையும் தெரியும் என்று சொல்லி, செத்தவீடு முடிந்த கையோடு என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஆட்டம் இல்லாத மாதங்கள் ஓய்வு என்றுதான் நினைத்திருந்தேன். யாரை வைத்திருப்பது, யாரை விடுவது, யாரைப் புதிதாக எடுப்பது என்பதெல்லாம் இந்தக் குளிருக்குள்தான் முடிவாக வேண்டும் என்பது இப்போதுதான் விளங்குகிறது. எட்டு இடங்களை ஒரே இருப்பில் எழுதிவிட்டேன். ஒன்பதாவது கச்சர். முகமூடி போட்டுக் குந்தியிருந்து, பிச்சர் எறியும் பந்தைப் பிடிக்கிற இடம்.

பத்து வருடமாக அது என் கணவர் ரவியின் இடம். முழங்காலில் இரண்டாவது முறை ஒபரேஷன் செய்த பிறகு அவரால் முன்போலக் குந்த முடியவில்லை. போன கோடையில் அவரைத் தாண்டிப் போன ஒவ்வொரு பந்தையும் நான்தான் குறித்தேன். பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடாமல் கையால் மறைத்துக்கொண்டு குறித்தேன்.

டிசம்பரில் பிச்சர் லூக்காஸ் என்னிடம் வந்தான். ரவி கச்சராக இருந்தால் தன்னால் முழு வேகத்தில் எறிய முடியாது, வேறு அணிக்குப் போகிறேன் என்றான். அவன் போனால் எங்களிடம் எறிய ஆளில்லை. சூக் நகரில் ஒரு கச்சரைக் கேட்டுப் பார்த்தேன். ரெஸ்டோரண்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது என்றார். ரவியிடம், குந்தத் தேவையில்லாத முதல் பேஸில் நிற்கச் சொல்லிக் கேட்டேன்.

"நான் கச்சர். வேற இடத்தில நிக்கிறதெண்டால் வீட்டிலயே நிக்கிறன்" என்றார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, நான் கூப்பிடாமலே சேவியர் வந்தான். மன்னார்ப் பெடியன், லா ஷோ-து-ஃபோனில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். வயது இருபத்தேழு. லூக்காஸ் எறிந்தான், இவன் பிடித்தான். மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்த எல்லாரும் கதையை நிறுத்திவிட்டார்கள். ரவி தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் காரில் இருந்தார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தார்.

"அண்ணை எனக்குச் சொன்னவர். உன்ர உடம்பு ஏலுமட்டும் நீதான்ரா கச்சர் எண்டு. ஆஸ்பத்திரியில, கையைப் பிடிச்சுக்கொண்டு."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே?"

"உமக்கு ஏன் சொல்லோணும்? அப்ப நீரோ கோச்?"

அடுத்த நாளே சேவியரைக் கூப்பிட்டேன். இடமில்லை என்று சொல்வதற்காகத்தான். ஸ்டேஷனில் கோப்பியை வைத்துவிட்டு நான் தொடங்கும் முன்பே அவன் முகம் மாறிவிட்டது.

"அக்கா, நான் அங்க வேலையை விட்டிட்டு வந்திட்டன். இங்க ஒரு பாக்டரியில சேர்ந்திட்டன், ரூமும் எடுத்தாச்சு. அண்ணை கூப்பிட்டபடியால்தானே வந்தனான்."

போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டான். உங்கள் குரல், அண்ணை. நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். இடையில் அந்த இருமல் வேறு. "நீ வாடா தம்பி. கச்சர் இடம் உனக்குத்தான். ரவியோட நான் கதைக்கிறன்."

அழுவதா, உங்களோடு சண்டை பிடிப்பதா என்று தெரியாமல் இருந்தேன். ரவியோடு கதைக்கத்தான் போனீர்களோ? தினமும் சூப்போடு வந்து உங்கள் காலைப் பிடித்துவிட்ட மனிதனின் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லையோ? யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் என்று ஊரே உங்களைப் புகழ்ந்தது. நானும்தான் புகழ்ந்தேன். அந்த நல்ல மனம் இப்போது என்னை எந்தப் பக்கமும் அசையவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

அந்தப் பதிவை ரவிக்குப் போட்டுக் காட்டினால் ஒரு நிமிடத்தில் வழக்கு முடிந்துவிடும். ஆனால் நீங்கள் அவருக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதோடு பொய்யாகிவிடும். போடாவிட்டால் பழி முழுக்க எனக்கு. சேவியரிடம், ரவிக்கு இதைக் காட்டாதே என்று கேட்டுக்கொண்டேன். பட்டியலில் அவன் பெயரை எழுதி அனுப்பினேன். பிறகு ரவியிடம் போய், "இது என்ர முடிவு" என்றேன்.

அவர் கத்தவில்லை. "அண்ணை இருந்திருந்தால் இப்பிடிச் செய்திருக்க மாட்டார்" என்று மட்டும் சொன்னார்.

"ஓம், செய்திருக்க மாட்டார்" என்றேன்.

அது உண்மைதானே, அண்ணை.

மூன்று கிழமையாகிறது. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார். மண்டபத்துக்கு மட்டும் வருவதில்லை. சேவியர் ஒவ்வொரு சனிக்கிழமையும் "ரவியண்ணை வரேல்லையோ?" என்று கேட்கிறான். சளி என்கிறேன். லூக்காஸ் சந்தோஷமாக எறிகிறான். அணி நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் வீட்டுக்குள்ளும் மூச்சு முட்டுகிறது, மண்டபத்துக்குள்ளும் மூச்சு முட்டுகிறது.

உங்கள் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று நானும் உங்களைப் போலவே நடக்கிறேன் என்பது போன கிழமைதான் உறைத்தது. அவர் நோகக்கூடாது என்று நீங்கள் மறைத்தீர்கள். அதையே நானும் செய்கிறேன்.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணை. இந்தக் கடிதம் யாருடைய கண்ணிலாவது படும் முன்பு ரவிக்குப் பக்கத்தில் இருந்து, உள்ளதை உள்ளபடி என் வாயால் சொல்லுவேன். நீங்கள் அவருக்குப் பயந்தீர்கள் என்றும், அந்தப் பயம் அவர்மேல் வைத்த அன்பிலிருந்து வந்தது என்றும் சொல்லுவேன். அவர் கண்ணில் நீங்கள் கொஞ்சம் சிறுத்துப் போவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். இனி அவரோடு வாழப்போகிறவள் நான்.

உங்களுக்குப் பதிலாக முதல் முறை 'இல்லை' சொல்லப்போகும்,
உங்கள் ஒரே தங்கச்சி