எலுமிச்சம்பழம் கட்டிய கம்பி

கார்த்திகை மாதம், வெள்ளி இரவு.

கடலூரில் ஸ்கேன் எடுத்துத் திரும்பும்போது, ஆலப்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடையில் குலுங்கியதும் காரின் ஹெட்லைட் மறுபடி அணைந்தது. பின்சீட்டில் படுத்திருந்த செல்வி, "ஏங்க, ஏன் நிக்கிறோம்?" என்றாள். இறங்கி, கையிலிருந்த ஃபியூஸை மாற்றிப் போட்டேன். சிதம்பரத்தில் வீட்டுக்குப் போய்ப் பணமும் துணியும் எடுத்துக்கொண்டு, விடிவதற்குள் அவளைப் புதுச்சேரியில் ஆபரேஷனுக்குச் சேர்க்க வேண்டும்.

சிதம்பரம் வந்ததும் அவள் தம்பி குமார் டேஷ்போர்டையே பிரித்துப் போட்டான். கார் வயரிங்தான் அவன் தொழில். "உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. ஆனா ஃபியூஸ் போய்க்கிட்டே இருக்கு. எனக்கே ஒண்ணும் புரியல." அவனே அப்படிச் சொன்னதும் வண்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. திருஷ்டிக்குச் செல்வி கட்டிய எலுமிச்சம்பழமும் மிளகாயும். நூல் அறுந்து அறுந்து விழுகிறதென்று போன அமாவாசைக்கு இரும்புக் கம்பியால் கட்டினாள். கிரில்லுக்குள் போன அந்தக் கம்பி ஹெட்லைட் வயரின் மேலுறையை அறுத்ததில் உள்ளே செம்பு தெரிந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஷார்ட் ஆகியிருக்கிறது.

குமார் கம்பியை வெட்டி, வயருக்கு டேப் சுற்றினான். லைட் எரிகிறது. "அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா" என்றான்.

அதே பழத்தை நூலில் கட்டியிருக்கிறேன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டேன். அவள் ஆபரேஷன் முடிந்து வெளியே வரும்வரை அறுந்துவிடாமல் இருந்தால் போதும்.